அக்கா கேட்டுக்கொண்ட ஊசி

ஆக்லாந்து
9 மார்ச் 2003

அன்புள்ள லோசாவுக்கு,

இங்கு நலம். நீ, என் தம்பி இசிலேலி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? நீ அனுப்பிய சேப்பங்கிழங்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் பங்குபோட்டுத் தின்றுவிட்டார்கள், எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்.

சாப்பிட்டது போதும் என்று குடல் மூளைக்குச் சொல்லி அனுப்பும் சேதியைத் தேடியே என் பாதி ஆயுள் போயிற்று. முதலில் எலி, பிறகு ஆடு. அந்தச் சேதியை ஊசியாகப் போட்டுப் பசியை அடக்கும் மருந்து இப்போதுதான் மனிதர்களிடம் வந்திருக்கிறது. சர்க்கரை நோயில் அப்பாவின் காலை எடுத்தார்களே, அன்று மனதில் விழுந்த வேலை இது. நம் வவாவு தீவிலும் சோதித்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தேன். சோதனையில் சேரச் சொல்லித் தம்பியைக் கேட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே சரி என்றுவிட்டான். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

ஒரே ஒரு குறை. பசி எப்படி, வயிறு எப்படி என்று கேட்டு எழுதினால் "கர்த்தர் கிருபையில் நலம்" என்று ஒற்றை வரி வருகிறது. கொஞ்சம் விவரமாக எழுதச் சொல்.

அன்புடன்,
பெலனைசி

நெயாஃபு, வவாவு
2 ஏப்ரல் 2003

அன்புள்ள அண்ணிக்கு,

லோசா எழுதிக்கொள்வது. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி எப்படி விவரமாக எழுதுவார்? அக்காள் இருக்கிற அறையில் உட்காரக்கூட மாட்டார். அவரிடம் போய் வாந்தி உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்கிறீர்கள். படித்துப் படித்து நம் ஊர் முறையே மறந்துபோச்சா அண்ணி?

அவர் சாப்பிடுவதே இல்லை. சர்ச் விருந்தில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பன்றிக்குப் போடுகிறார். குடித்த தண்ணீரும் வயிற்றில் நிற்பதில்லை. "ஆளு இளைச்சு மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரே"ங்கிறார்கள் ஊரார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அந்த ஊசிய விட்டுத் தொலைங்களேன்" என்று கெஞ்சினேன். "அக்கா கேட்டாங்கடி. நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்கிறார்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. 'நிறுத்து' என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். அன்றைக்கே நிறுத்திவிடுவார்.

லோசா

ஆக்லாந்து
21 ஏப்ரல் 2003

அன்புள்ள லோசா,

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. தொடக்கத்தில் குமட்டல் வரும், உடம்பு பழகியதும் போய்விடும். அங்குள்ள மருத்துவரிடமும் விசாரித்தேன். நன்றாக இருப்பதாகத்தான் தம்பி அவரிடம் சொல்லியிருக்கிறான்.

நம் தீவில் சேர்ந்தவர்களே கொஞ்சம் பேர். அவன் விலகினால் அவனைப் பார்த்து மற்றவர்களும் விலகுவார்கள். இந்த மருந்து நம்மவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும். ஜூனில் சோதனை முடிகிறது, அதுவரை பொறுத்துக்கொள். கஞ்சியாகக் கொடு. தண்ணீர் குடிக்கச் சொல்.

பெலனைசி

நெயாஃபு
19 மே 2003

அண்ணி,

போன் செய்தேன். மாநாட்டுக்கு வெளிநாடு போயிருப்பதாகச் சொன்னார்கள். விமானத்தில் வருகிற பாதிரியார் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

கிழங்குத் தோட்டத்தில் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரகம் நின்றுபோய்க்கொண்டிருக்கிறது என்கிறார்கள். இப்போதும் "அக்காவுக்கு எழுதாத, அவங்க வேலை கெட்டுப்போயிடும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சீக்கிரம் வாருங்கள்.

லோசா

ஆக்லாந்து
14 ஜூலை 2003

அன்புள்ள லோசா,

நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டான்.

அக்காள் என்ற முறைக்கு அவன் தலைமாட்டில் என்னை உட்கார வைத்தீர்கள். இருப்பதிலேயே நல்ல பாய்களையும் பெரிய பன்றியையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தீர்கள். உன் பிள்ளைகள் துக்கத்துக்குக் கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து தலை குனிந்தார்கள், முறைப்படி அவர்கள் முடியை நானே வெட்டினேன். ஒருத்தராவது என்னைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீகூடத் திட்டவில்லை.

ஒரு வார்த்தைதான் கேட்டாய். எழுதாமல் இருந்துவிட்டேனே, லோசா. ஆராய்ச்சிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நம் தீவிலிருந்து வந்த பதில்களை நம்பக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆய்விலிருந்து விலகிவிட்டேன். மரியாதைக்காக இன்னும் எத்தனை பேர் நலம் என்று சொன்னார்களோ.

உன் மூத்தவள் வைசிமாவை என்னிடம் வைத்துப் படிக்க வைக்க ஆசை. அவனுக்குச் செய்ய இனி எனக்கு வேறு வழி இல்லை. அடுத்த மாதம் நேரில் வந்து முறையாகக் கேட்கலாம் என்றிருக்கிறேன். உன் மனதை எழுது.

பெலனைசி

நெயாஃபு
8 ஆகஸ்ட் 2003

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சாவு வீட்டில் எங்களால் ஆன மரியாதையைச் செய்தோம். குறை ஏதும் இருந்தால் மன்னிக்க வேண்டும். கணவரின் அக்காளைத் திட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

கடிதத்தை வைசிமாவும் படித்தாள். "அத்தை கூப்பிட்டா போய்த்தானேம்மா ஆகணும்?" என்றாள். பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். உனக்குப் போக இஷ்டமா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அவள் அப்பாவின் குணம்.

நீங்கள் கேட்டால் இந்த வீட்டில் யாராலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால், அண்ணி, தயவுசெய்து கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
லோசா