முகத்துவாரப் பாடு காலியிடம் அல்ல என்பது குறித்து

அனுப்புநர்:
சு. கோமளா,
க/பெ. சுபாஷ் (காலஞ்சென்றவர்),
கோயில் தெரு, நடுத்திட்டுக்குப்பம்,
பழவேற்காடு அஞ்சல், பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
சிறப்பு அலுவலர் அவர்கள்,
ஏரிப் படகுச் சுற்றுலாத் திட்டம்,
பொன்னேரி.

பொருள்: பல்கலைக்கழகப் பார்வை நாளில் தயாரான டிஜிட்டல் வரைபடத்தில் எங்கள் மீன்பிடி இடம் காலியாகக் காட்டப்பட்டது – அதன்பேரில் அவ்விடம் மிதவை கட்டி அடைக்கப்பட்டது – எனது முறை நாளில் அங்கு வலை கட்டுவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் முன்னர் கொடுத்த மனுக்கள். (எதற்கும் பதில் வராததால் எண் குறிப்பிட இயலவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களை எழுத்தரிடம் சொல்லி எழுதி வாங்கினேன். அவை மிகவும் மரியாதையாக இருந்தன, பயன் ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் இதை நானே எழுதுகிறேன். சொற்குற்றம் இருந்தால் பொறுத்தருளவும்.

1. நான் பழவேற்காடு மீன் ஏலக்கூடத்தில் இறால் தரம் பிரிக்கும் வேலை செய்கிறேன். என் கணவர் சுபாஷ் மீனவர். மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்.

2. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் உட்புறம் எங்கள் ஊருக்கு ஒரு பாடு உண்டு. பாடு என்றால் ஊரார் முறை வைத்துக்கொண்டு இறாலுக்கு வலை கட்டும் இடம். நல்ல இறால் விழுவது அங்கேதான். எல்லோரும் ஒன்றாகப் போய் விழுந்தால் அடிதடிதான் மிஞ்சும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை கோயிலில் சீட்டுப் போட்டு இன்னாருக்கு இன்ன நாள் என்று எடுத்துக்கொள்கிறோம். முறைக்காரர்கள் முதல் நாள் மாலை கிளம்பி மறுநாள் மதியம் திரும்புவார்கள். மற்றவர்கள் அன்று கரையோரச் சேற்றில் நண்டு பிடிப்பார்கள், அல்லது வீட்டில் கிடப்பார்கள். தன் முறை இல்லாத நாளில் ஒருவர் அந்த இடத்தைத் தன் இடம் என்று வாயால்கூடச் சொல்லமாட்டார். சொன்னால் ஊரே காறித் துப்பும்.

என் கணவர் இறந்த பிறகும் அவருடைய முறையை ஊரார் என்னிடமிருந்து எடுக்கவில்லை. அவருடைய கூட்டாளி நாகப்பன் எனக்காக வலை கட்டி, கிடைப்பதில் பாதியை என் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். அதை நம்பித்தான் மகள் அம்பிகாவைச் செவிலியர் படிப்பில் சேர்த்தேன்.

3. சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம், சென்னையிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் டிஜிட்டல் வரைபடத் தொழில்நுட்பம் பற்றிப் பொதுமக்கள் பார்வை நாள் நடத்தியது. ஏரிக்கரை மக்கள் வந்து தங்கள் ஊரைத் தாங்களே வரைபடத்தில் குறிக்கலாம் என்று சொல்லி எங்களுக்குப் பேருந்து அனுப்பினார்கள். மதியம் பிரியாணி என்றும் சொன்னார்கள். அன்று முறை உள்ளவர்கள் ஏரியில் இருந்தார்கள். முறை இல்லாத நாங்கள் மட்டுமே பேருந்து ஏறினோம். ஐயா அவர்கள் இம்மனுவில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு வரியை மறக்க வேண்டாம்.

அன்று நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இருட்டு அறையில் சுவர் முழுவதும் எங்கள் ஏரி விரிந்தது. விரலால் தள்ளத் தள்ள ஊர் கிட்டே வந்தது. என் வீட்டுக் கூரைமேல் போட்டிருந்த நீலத் தார்ப்பாய்கூடத் தெரிந்தது. அதைப் பார்த்துக் குழந்தைபோல் கை தட்டினேன். இவ்வளவு பெரிய இடத்தில் நம்மையும் கூப்பிட்டு உட்காரவைத்து நம்மிடமே கேட்கிறார்களே என்று பெருமையாக இருந்தது.

4. பிறகு சுதா என்ற மாணவி எங்களை மேசை போன்ற ஒரு திரையின் முன் நிறுத்தி, மீன் பிடிக்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு விரல் வைக்கச் சொன்னார். வைத்த இடத்தில் பச்சைப் புள்ளி விழுந்தது. எல்லோரும் நண்டு பிடிக்கும் சேற்றுப் பகுதியில் வைத்தோம். எங்கள் தெரு வினோத் மட்டும் முகத்துவாரத்தின் பக்கம் விரலைக் கொண்டுபோனான். நாகப்பன் அவன் கையைப் பிடித்து இழுத்து, “டேய், இன்னிக்கு உன் மொறையா? எட்றா கைய” என்றார். அனைவரும் சிரித்தோம். வினோத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

“அங்க யாருமே போறதில்லையாண்ணா?” என்று அந்த மாணவி கேட்டார்.

“இன்னிக்கு எங்கள்ல யாருக்கும் இல்லம்மா. மொறைக்காரங்க அங்கதான் போய்க்கிறாங்க” என்றார் நாகப்பன்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். நல்ல பெண். “இன்னிக்கு, நாளைக்குன்னுல்லாம் இதுல போட முடியலண்ணா. ஆமாவா இல்லையான்னுதான் கேக்குது” என்று திரையைக் காட்டினார். தன் ஆசிரியரிடம் ஓடிப்போய்க் கேட்டும் பார்த்தார். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாராம். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முகத்துவாரத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

5. இந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், தங்கள் திட்டத்தின் அறிவிப்பை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். அதில் எங்கள் பாடு இருக்கும் இடம் “மீன்பிடிப் பயன்பாடு இல்லாத நீர்ப்பரப்பு” என்றும், பயணிகள் படகு ஓட்ட ஏற்றது என்றும், ஆதாரம் பொதுமக்களே பங்கேற்றுத் தயாரித்த வரைபடம் என்றும் இருந்தது. பொதுமக்கள் என்றால் நாங்கள்தான். அடுத்த வாரமே மிதவைகளைக் கோத்துக் கயிறு கட்டினார்கள். அதன்பின் முதல் முறைக்குப் போனவர்களின் வலையைத் தங்கள் காவல் படகில் வந்தவர்கள் பறித்துக்கொண்டார்கள். வலை இன்றுவரை திரும்பவில்லை.

6. தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வரைபடம் பல்கலைக்கழகத்தினுடையது, அங்கே கேளுங்கள் என்றார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மக்கள் சொன்னதைப் பதிந்தோம், அதைவைத்து இடம் ஒதுக்கியது நாங்கள் அல்ல, அங்கே கேளுங்கள் என்றார்கள். மறுபடி தங்கள் அலுவலகம் வந்தபோது அங்கிருந்த அலுவலர் கணினியைத் திருப்பிக் காட்டி, “நீங்களே வெச்ச புள்ளிதானேம்மா? இப்ப வந்து மாத்திச் சொன்னா எப்படி?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன்.

பாடு என்பது எப்போதும் எல்லோருடையதும், ஒரு நாளில் சிலருடையது மட்டுமே என்பதை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் புரிகிறது. எவருக்கும் வரைபடத்தை மாற்ற அதிகாரம் இல்லை.

வரும் டிசம்பரில் மறுபடியும் பார்வை நாளாம். அழைப்பு வந்திருக்கிறது. விடுபட்ட இடங்களை அப்போது சேர்க்கலாமாம். ஆனால் முன்பே ஒதுக்கிய இடங்களை அது பாதிக்காது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இந்தத் தடவை பேருந்தில் இடம் பிடிக்கச் சண்டை வரும். ஊரில் எல்லோரும் சும்மாதான் இருக்கிறோம்.

7. போன மாதம் ஊர்க்கூட்டத்தில், இனிமேல் சீட்டுப் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். இல்லாத இடத்துக்கு என்ன சீட்டு என்றார்கள். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். பழைய சீட்டில் மீதமிருப்பது என் முறை ஒன்றுதான். அது வருகிற அமாவாசைக்கு மறுநாள்.

8. மிதவைகளை அகற்றுங்கள் என்று முந்தைய மனுக்களில் கேட்டேன். இதில் கேட்கவில்லை. அது நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்பது சிறியது.

என் முறை நாளில் நாகப்பன் அங்கே வலை கட்டுவார். நானும் அதே படகில் இருப்பேன். காவல் படகு வரும் என்று இருவருக்கும் தெரியும். அவரை அடிக்க வேண்டாம் என்றும், வலை அவருடையது என்பதால் அதைப் பறிக்க வேண்டாம் என்றும் தங்கள் ஆட்களுக்குச் சொல்லிவைக்க வேண்டுகிறேன்.

வழக்குப் பதிவு செய்வதானால் என் பெயரில் செய்யவும். கையெழுத்துப் போட நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த வழக்கில், இந்த இடத்தில் நடுத்திட்டுக்குப்பத்தைச் சேர்ந்த கோமளா என்பவர் மீன் பிடித்தார் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள் ஐயா. அரசாங்கத்துக் காகிதம் ஒன்றிலாவது அது இருக்கட்டும்.

இதையாவது செய்து கொடுப்பீர்கள் என்று கேட்டு நிற்கும்,

(ஒப்பம்)
சு. கோமளா

இடம்: நடுத்திட்டுக்குப்பம்
நாள்: 10.11.2025