எதிர்க்கரையில் தெரிந்தவர்

என்னங்க,

நேற்று மதியம் பக்கத்து வீட்டு அக்காவோடு, வலசை வந்த பறவைகளைப் பார்க்க ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போயிருந்தேன். அவர் தந்த பைனாகுலரில் ஊசிவால் வாத்துகளைத் தேடியபோது எதிர்க்கரை பெஞ்சில் நீங்கள் தெரிந்தீர்கள். நான் இஸ்திரி போட்டுத் தந்த அதே சட்டை. கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தீர்கள்.

"ஏம்மா, வாத்து தெரியுதா?" என்று அக்கா கேட்டார்.

"தெரியலக்கா" என்றேன். பைனாகுலரை அவரிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

மாலை வீட்டுக்கு வந்ததும், "ஆபீஸ்ல இன்னைக்குத் தலைக்கு மேல வேலை" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். பிறகு நீங்களும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

இதை உங்கள் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். இரண்டு பேருக்குக் கட்டியிருக்கிறேன். மதியம் அந்த பெஞ்சுக்கு வருவேன். வேலை போயிருந்தால் போகட்டும், நான் வந்ததும் எதையும் விளக்க வேண்டாம். முதலில் சாப்பிடுவோம்.

நான்தான்,
உங்கள் மனைவி