லாரித் தொட்டிக்கு நாலு சக்கரம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நலமாக இருக்கிறாயா? முழங்கால் வலி குறைந்ததா? இதுவும் என் கையாலேயே எழுதுவதுதான். இப்போதுதான் எழுதப் பழகுவதால் ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

போன கடிதத்தில், பட்டறையில் லாரியின் பின்தொட்டியை, அதாவது பின் அச்சில் இருக்கிற கனத்த இரும்புக் கூட்டை, கழற்றினோம் என்பதற்குத் தொட்டில் என்று எழுதிவிட்டேன். "இந்த வயசுல யாருக்குங்க தொட்டில்?" என்று நீ போனில் கேட்டதைச் சொன்னால் மேஸ்திரி இன்னும் சிரிக்கிறார்.

அந்தத் தொட்டியைத் தூக்கித் தூக்கி வைத்ததில் இடுப்பு விட்டுப்போனது. "முடியலைன்னா ஊருக்குக் கிளம்புங்க பெரியவரே" என்றார் முதலாளி. அதனால் கழித்துப் போட்ட பலகைகளிலும் பழைய கட்டில் சக்கரங்களிலும் அதற்கு ஒரு தள்ளுவண்டி செய்தேன். நாலும் எல்லாப் பக்கமும் திரும்புகிற சக்கரம். ஏற்றித் தள்ளியதும் அது பக்கவாட்டில் வந்து என் காலை லேசாக இடித்தது. பிறகு பின்சக்கரம் இரண்டையும் திரும்பாதபடி இறுக்கிவிட்டேன். இப்போது ஒரு கையால் தள்ளினாலே நேராகப் போகிறது.

முதலாளி பார்த்துவிட்டு, "அப்ப இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா இருக்கலாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாயா, திட்டுவாயா, தெரியவில்லை.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் ஒரு ஜோடி செருப்பு கொடுத்துவிடு. வலது கால் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். திட்டுவதானால் மகளிடம் சொல்லி எழுதித் திட்டு. போனில் சட்டென்று முடிந்துவிடுகிறது. எழுத்து என்றால் நான் மெதுவாகத்தான் படிப்பேன், பல நாள் வரும்.

தபாலுக்குப் போகிறவர் வாசலில் அவசரப்படுத்துகிறார்.

உன் வீட்டுக்காரர்