நிரோஷா அழிக்காமல் விட்ட டேபிள்

செவ்வாய், இரவு

கிளவுட்டில் இருக்கும் எங்கள் அலுவலக டேட்டாபேஸில், பழைய மென்பொருள் விட்டுப்போன முப்பது டேபிள்கள், அதாவது தரவு அட்டவணைகள், அநாதையாகக் கிடந்தன. ஆறு வருடமாக அவற்றில் கைவைக்க எனக்குப் பயம். வேலைக்கு வந்து நாலு மாதமேயான நிரோஷா, பிரதி எடுத்து வைத்துவிட்டு, இன்று பின்னேரத்துக்குள் அழித்து முடித்துவிட்டாள். ஒரு இடத்தில்கூட அவள் தயங்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு காலமும் இதை ஒருத்தரும் செய்யேல்லையே!" என்று மனேஜர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். என் பக்கம் அவர் திரும்பவும் இல்லை.

காலையில் அவள் பட்டியலைக் கொண்டுவந்து, "அக்கா, இதுகளில ஏதும் தேவையோ?" என்று கேட்டாள். ஒன்று தேவை. துறைமுக இழுவைப் படகுகளின் அறிக்கை அதிலிருந்துதான் வருகிறது. வருடத்தில் ஒருமுறைதான் அது எடுக்கப்படும் என்பதால் வேறு யாருக்கும் தெரியாது.

"எனக்குத் தெரியாது, நீரே பாரும்" என்றேன். ஒருமுறையாவது அவள் சறுக்கட்டும் என்று இருந்தது.

வேலை முடிந்து பஸ் நிலையத்துக்கு நடந்தபோது பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, ஒண்டை மட்டும் அழிக்காமல் விட்டனான். இழுவைப் படகு அறிக்கைக்கு அது வேணும். நீங்கள் மறந்திருப்பீங்கள்."

"ஓம், மறந்திட்டன்."

மூதூர் பஸ் வந்ததும் கைகாட்டிவிட்டு ஏறிப் போனாள்.

அந்த அறிக்கைக்கு நிரல் எழுதியதே நான்தான். அந்த நிரலைத் திறந்து பார்த்தால்தான் இந்த டேபிள் தேவை என்று தெரியும்; அதன் முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. அவள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.