மைக்கில் படித்த சீட்டு

ஆகஸ்ட் 21, வியாழன்

கடை திறந்ததும் கூட்டம். ஏதோ மனுவாம், ஆளாளுக்கு ஆதார் நகல். ஜெராக்ஸ் மெஷின் சூடாகி நின்றுவிட்டது. நானும் அதற்குச் சளைத்தவள் இல்லை, இரண்டு பேரிடம் எரிந்து விழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து அரிகிருஷ்ணன் மாஸ்டர் வந்து நின்றார். எங்கள் இன்னிசைக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான், கீபோர்டும் அவர்தான். எங்கள் குழுவில் பாடி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன காஸ்பர் அண்ணன் பெயரில் அவசர வண்டி ஒன்று வாங்கப் போகிறார்களாம், அவர் ஊரான சிங்கவரத்துப் பசங்களும் சர்ச் ஆட்களும் சேர்ந்து. அதற்கு நிதி திரட்ட ஒரு பாட்டுக் கச்சேரி. செப்டம்பர் 14 சாயங்காலம், திண்டிவனம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில். பாடுகிறவர்கள் எல்லாரும் உள்ளூர், யாருக்கும் சம்பளம் கிடையாது.

"நீதாம்மா தொகுத்து வழங்கணும். உன்ன விட்டா வேற யாரு இருக்குது?" என்றார்.

சரி என்றேன். மைக் பிடித்துப் பழகிய வாய், எதற்கும் சரி என்றுதான் சொல்லும்.

ஆகஸ்ட் 22

காஸ்பர் அண்ணன் குரல் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஃபேன் சத்தத்துக்குள்ளிருந்து வருகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

இரண்டு வருஷமாக இதை இந்த நோட்டில்கூட எழுதவில்லை. இன்று மத்தியானம் கரண்ட் இல்லை, கடையில் ஆளும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

தொண்டூரில் ஆடித் திருவிழாக் கச்சேரி. கூட்டத்திலிருந்து பாட்டு கேட்டுச் சீட்டு வரும். எதைப் படிப்பது, எதை மடித்து வைத்துக்கொள்வது என்பது என் பாடு. ஆனால் மைக்கில் படித்துவிட்டால் பாடியே ஆகவேண்டும். குழு தொடங்கிய நாளிலிருந்து இது எங்கள் கட்டுப்பாடு. மழை வந்தாலும் படித்த சீட்டைப் பாடாமல் மேடையை விட்டு இறங்கியது கிடையாது.

எட்டு மணி இருக்கும். விழாக் கமிட்டிக்காரர் ஒருவரின் சீட்டு வந்தது. காஸ்பர் அண்ணன் உச்சத்தில் நின்று பாடும் பாட்டு, அதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து வருவார்கள். அண்ணன் என் பக்கம் வந்தார். ஒரு கையால் மைக்கைப் பொத்திக்கொண்டார், இன்னொரு கை நெஞ்சில் இருந்தது.

"கொஞ்சம் பொறு கலை. நெஞ்ச அடைக்குது. இதுக்குப் பதிலா நீ ஒரு பாட்டு பாடு, நான் உக்காந்துட்டு வரேன்."

நான் சிரித்தேன். ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் தொண்டை கட்டியிருக்கிறது என்று அதே பாட்டை டபாய்த்துவிட்டு, மேடைக்குப் பின்னால் போய் முட்டை போண்டா தின்றுகொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்தவளே நான்தான். இன்று விடுவதில்லை என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்லை, நினைக்கக்கூட இல்லை. சீட்டைத் தூக்கிப் பிடித்து, அண்ணன் பெயரை இழுத்து இழுத்துப் படித்தேன். விசில் பறந்தது.

அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. போய் மைக்கை எடுத்தார். முழுசாகப் பாடினார். இறங்கி ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார், அப்படியே சரிந்தார்.

சவுண்டு செட் ஏற்றிவந்த குட்டியானை வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டு அதில் அவரை ஏற்றினோம். செஞ்சி வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது. அவசர வண்டி ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அன்றைக்கே ஊர் பேச ஆரம்பித்தது. நானும் அதையே பேசினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ரோஸ்மேரி அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டார். "வலிக்குதுன்னாரா? ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணுமே சொல்லல அண்ணி. பாடிக்கிட்டே இருந்தாரு. வலியே இல்ல."

அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அண்ணி அழைப்பிதழ் அடிக்க வந்தார். வேகவைத்த கடலை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். அண்ணன் போனதிலிருந்து மாதம் ஒரு தடவையாவது எனக்கென்று எதையாவது கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொள்கிறேன். தின்றும் விடுகிறேன்.

வாசகத்தை அவரே சொன்னார்: "வலியறியாமல், பாடிக்கொண்டே இறைவனடி சேர்ந்த எங்கள் காஸ்பர்." நான் தட்டச்சு செய்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்ததை, கீபோர்டில் எழுத்து தேய்ந்துவிட்டது என்று சமாளித்தேன்.

"அன்னிக்கி நடந்தத மேடையில நீயே சொல்லு கலை. நீ சொன்னாதான் ஜனங்க மனசுல ஏறும். நீதான கூட இருந்த?"

"சொல்றேன் அண்ணி."

செப்டம்பர் 4

ஒத்திகை. பாட்டுக்கு நடுவில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். "யாரத் தேடற?" என்று மாஸ்டர் கேட்டார். யாரையும் இல்லை என்றேன்.

செப்டம்பர் 13, சனி

தூக்கம் இல்லாமல் கண் எரிகிறது. நாளைக்கு எதுவும் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சொல்லி என்ன ஆகிவிடும்? அண்ணன் வரப்போகிறாரா? எனக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான். அதற்காக அந்த மனுஷியின் நிம்மதியைக் கலைக்கவேண்டுமா?

எழுதிவைத்த பேச்சை நாலு தடவை படித்துப் பார்த்தாயிற்று. வண்டி கிடைக்கவில்லை, வண்டி கிடைக்கவில்லை, வண்டி கிடைக்கவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். சனியன், எனக்கு எழுதவும் வரும்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையிலேயே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இதுவும் உள்ளேயே தங்கிவிடும்.

மண்டபம் நிறைந்து வாசல் வரை ஆட்கள். சிங்கவரத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். ஆசிரியர் எழிலரசன் புல்லாங்குழல் வாசித்தார், சர்ச் கொயர் பெண்கள் பாடினார்கள். நானும் என் வழக்கம்போலக் கேலியும் கிண்டலுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். எழிலரசன் வகுப்பில் பிள்ளைகள் தூங்குவதற்குக் காரணம் புரிந்துவிட்டது என்றேன். அவர் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அண்ணி முன்வரிசையில், வெள்ளைச் சேலையில்.

சீட்டுகள் வந்தபடி இருந்தன. ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைக் கண் பார்த்துவிடும், வாய் தானாக ஓடும். இருபது வருஷப் பழக்கம்.

"அடுத்து, பனமலையிலிருந்து வந்திருக்கும் ராமகிருஷ்ணன் அவர்கள் விரும்பிக் கேட்கும் பாடல். பாட வருகிறார், உங்கள் அபிமான…"

பெயரைச் சொல்லிவிட்டேன். அதே பாட்டுக்கு, அதே இழுப்போடு. காஸ்பர் என்று.

அந்த மனிதருக்குச் சேதியே தெரியாதாம். இன்னிசை என்றதும் வந்திருக்கிறார், பழைய நினைப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? படித்தவள் நான். அன்றைக்கும் நான், இன்றைக்கும் நான்.

சத்தமே இல்லை. பின்வரிசையில் விஷயம் தெரியாத நாலு பேர் கைதட்டி, பாதியில் நிறுத்தினார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு, ஐயோ, பாட்டின் முன்னிசையை ஆரம்பித்துவிட்டார். படித்த சீட்டை வாசிக்காமல் விட அவர் கைக்குத் தெரியாது. தபேலா செல்லப்பனும் சேர்ந்துகொண்டார்.

பல்லவி வந்தது. பாட ஆளில்லை. சரணம் வந்தது. குரல் இருக்கவேண்டிய இடத்தையெல்லாம் காலியாக விட்டு வாசித்துக்கொண்டே போனார்கள். அந்தக் காலி இடத்தில் எனக்கு மட்டும் கேட்டது. பாட்டு இல்லை. கொஞ்சம் பொறு கலை. கொஞ்சம் பொறு கலை. உச்சத்துக்குப் போகும் இடத்தில் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. எழுதிவைத்த காகிதம் கையில்தான் இருந்தது.

"வண்டி கிடைக்காதது அப்புறம்" என்றேன். என் குரல் எனக்கே மேடைக் குரலாகக் கேட்கவில்லை. "அதுக்கு முன்னாடியே நெஞ்ச அடைக்குதுன்னு எங்கிட்ட சொன்னாரு. நான் கேக்கல. வேணும்னே சீட்டப் படிச்சிட்டேன். படிச்சதால பாடினாரு."

அண்ணி எழுந்து போகவில்லை. அழவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொயர் பெண்களில் ஒருத்தி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். மீதி நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 16

பத்து மணி நேரம் தூங்கியிருக்கிறேன். பால்காரர் கதவைத் தட்டியது தெரியவில்லை.

செப்டம்பர் 23

மாஸ்டர் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் வைத்துக்கொண்டே பேசினார்.

"மேடையில சொல்ற விஷயமாம்மா அது? வீட்டுக்குப் போயி சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்தான். கூட்டம் இருந்தால்தான் என் வாய் திறக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. வண்டிக்கு வேண்டியது சேர்ந்துவிட்டதாம், பொங்கலுக்குள் வந்துவிடுமாம். இனிமேல் நிகழ்ச்சிகளுக்கு அந்தக் கொயர் பெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் மாஸ்டர் என்றேன். வருத்தம் இருக்கிறது. இல்லை என்று பொய் எழுதமாட்டேன்.

அண்ணி இந்தப் பக்கமே வரவில்லை.

அக்டோபர் 9

குரல் வருவதே இல்லை. ஃபேன் வெறும் ஃபேனாக ஓடுகிறது. நிம்மதி என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதிதான்.

அக்டோபர் 24, வெள்ளி

சாத்துகிற நேரத்துக்கு ரோஸ்மேரி அண்ணி வந்தார். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. முகம் வற்றிப்போயிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. எனக்கு அந்தக் கண் தெரியும். இரண்டு வருஷம் என் கண்ணாடியில் பார்த்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"உம்மேல கோவமில்ல கலை. இருந்துச்சு. இப்ப இல்ல." ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தபடியே சொன்னார். "தூக்கத்துல போன மாதிரி போயிட்டாருன்னு நெனச்சிட்டு இருந்தேன். அத வச்சிதான் ரெண்டு வருஷம் ஓட்டினேன். இப்ப படுத்தா, நெஞ்சப் புடிச்சிட்டு எதிர்ல நிக்கறாரு."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"எங்க கைய வச்சிருந்தாரு?"

காட்டினேன்.

"இன்னா சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை என்றார். சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். அண்ணி எழுந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.