வாசலில் ஒரு செருமல்

மார்ச் 3

இன்று காலை சலவைக்கூடத்தில் இருந்தவர்கள்: நான், கொழுந்தனார், துவைக்கும் மெஷினைப் பார்க்கிற மாமா (எல்லோருக்கும் அவர் மாமாதான்), இஸ்திரி உருளைக்குள் விரிப்பு விடுகிற வாயாடி, எதிர்ப்பக்கம் நின்று வாங்கி மடிக்கிற நெட்டை, வேன்காரர். என் வீட்டுக்காரர் இல்லை. அவர் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது.

இனி கூடத்தை நான்தான் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாமல் நானாகப் படித்த எழுத்துதான். ஆனால் வீட்டுக் கணக்கு எழுதிய கை, விரிப்புக் கணக்கு எழுதாதா?

கொழுந்தனார் வழி சொல்லிக் கொடுத்தார். “அண்ணி, மொதலாளின்னா கண்ணுல பயம் காட்டணும். சிரிச்சீங்க, தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க. அண்ணன் ஒரு செருமு செருமுனா போதும், மெஷினே வெறச்சு நிக்கும்.”

உண்மைதான். கூடத்தில் எப்போதும் வெந்நீர் ஆவி. வாசலில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. அவர் படி இறங்கி, வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். உள்ளே பேச்சு நிற்கும். பிறகுதான் கால் வைப்பார்.

கடவுளே, அந்தக் கம்பீரத்தில் கொஞ்சம் எனக்கும் கொடு.

மார்ச் 6

நான் உள்ளே போனதும் கூடம் அடங்கிவிடுகிறது. வாயாடி என்று பெயர் வாங்கியவள் வாயைத் திறப்பதில்லை. பரவாயில்லையே, எனக்கும் மதிப்பு இருக்கிறதே!

ஒரு விரிப்பின் ஓரம் கருகியிருந்தது. “எப்படி ஆச்சு?” என்று கேட்டேன். எல்லோரும் “சரிங்கம்மா” என்றார்கள். கேட்டதற்கு இதுவா பதில்?

மார்ச் 9

டீ குடித்து வேலைக்குத் திரும்பிய பிறகு வாசலில் செருமல். தலைகள் எல்லாம் குனிந்தன. என் தலையும்.

அப்புறம்தான் நினைவு வந்தது.

மார்ச் 10

மறுபடியும். ஆவியை விலக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். படியில் யாருமில்லை. மாமாவைக் கேட்டேன். குனிந்த தலை நிமிராமல், “ஐயா வர்றாருங்க” என்றார் — மழை வருது என்பதுபோல. “அவர் போனதுலேருந்து தெனமும் வர்றாரு. நீங்கதான் இன்னிக்குக் கேக்கறீங்க.”

கொழுந்தனாரிடம் சொன்னால் சிரிக்கிறார். “குழாய்ல ஆவி அடைச்சுக் கனைக்குது அண்ணி. இல்ல, அண்ணனே வர்றாருன்னு வச்சுக்கங்க. சம்பளம் கேக்காத மேஸ்திரி! விடுவாங்களா?”

நானும் சிரித்துவைத்தேன். சாமி படத்தின் முன் உட்கார்ந்தால் வாய் பாட்டுக்கு ஜெபிக்கிறது. காது வாசலில் இருக்கிறது.

மார்ச் 14

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

செருமல் வந்தது. தலைகள் குனிந்தன. வாயாடியின் சட்டைக் கை விரிப்போடு சேர்ந்து உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. வாய் மட்டும் அகலத் திறந்திருந்தது. சத்தமே இல்லை. எதிரே நெட்டை. உருளையை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் அவள் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பார்த்துக்கொண்டு நிற்கிறாள்! நான் பாய்ந்து அமுக்கினேன். சட்டை கிழிந்தது, முழங்கைக்குக் கீழே தோல் வெந்துவிட்டது. கை தப்பியது.

“ஏண்டி அமுக்கல? கண்ணு தெரியலயா?”

நெட்டை அழுதாள். “ஐயா வந்திருக்கறப்ப மெஷினை நிறுத்தக் கூடாதுங்கம்மா.”

எந்த ஐயா? எங்க இருக்காரு ஐயா? கையே போனாலும் சத்தம் வராத பயம் — இதையா நான் மதிப்புன்னு நெனச்சேன்? வீட்டிலும் அந்தச் செருமல் கேட்டால் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து நிற்பேன். அதற்கு நான் வைத்திருந்த பெயர் என்ன?

மார்ச் 15

கூடத்தைத் திறக்கவில்லை. வாயாடியைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். திரும்ப வருவாயா என்று கேட்டேன்.

“வரேம்மா. ஆனா ஒண்ணு சொல்லலாமா? கோச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“ஐயா மட்டும் இல்லீங்க. நீங்களும் படியில நின்னு செருமிட்டுத்தான் வர்றீங்க. மொத நாள்லேருந்து.”

“நானா?”

“அசப்புல ஐயா மாதிரியே இருக்கும்மா. எது யாருன்னு எங்களுக்கே தெரியல.”

தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மார்ச் 17

எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: தப்பு என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், என்னைக் கேட்க வேண்டாம். “சரிங்கம்மா” என்றார்கள், ஒரே குரலில். அந்தச் சரிங்கம்மாவை இனி நான் நம்புவதாக இல்லை. ஒவ்வொருவராகப் பொத்தானை அமுக்கவைத்தேன். நெட்டை, சுடுகிற வாணலியைத் தொடுவதுபோலத் தொட்டாள். இன்னொரு தரம் என்றேன். மூன்றாம் தரம் அவளே அமுக்கிவிட்டுச் சிரித்தாள்.

“கெடுத்துட்டீங்க அண்ணி” என்று கொழுந்தனார் கிளம்பிப் போய்விட்டார்.

மார்ச் 19

மாமா தானாக வந்து, உருளையின் ஒரு முனையில் சூடு ஏறிப்போகிறது என்று காட்டினார். விரிப்பு கருகியது அதனால்தானாம். “எப்பலேருந்து?” என்றேன். “ஐயா காலத்துலேருந்தே” என்றார்.

மார்ச் 22

காலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் நின்றேன். பிறகு, “நான்தான் வர்றேன்” என்று குரல் கொடுத்து இறங்கினேன். உள்ளே சிரிப்பு. நான் போன பிறகும் நிற்கவில்லை. என்னைப் பற்றித்தானோ? இருக்கட்டும். வாயாடியும் கட்டுப் போட்ட கையோடு வந்திருந்தாள் — வேலை செய்ய முடியாவிட்டாலும் பேசவாவது முடியுமாம்.

டீக்குப் பிறகு செருமல் வந்தது.

நான் எல்லோர் முன்னாலும் நிற்கிறேன், வாய் மூடியிருக்கிறது. என் தலை தானாகக் குனிந்தது.

நெட்டை பொத்தானை அமுக்கினாள். உருளை நின்றது.

“யாருங்க அது?” வாயாடிதான். “பேரைச் சொல்லிட்டு உள்ள வாங்க.”

ஆவி வாசலில் அப்படியே நின்றது. ஈரப் படியில் யாரோ கால் மாற்றி நிற்கிற சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டதா?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. தலையை நிமிர்த்தினேன்.

“என்னங்க, நீங்களா? மெஷினை நிறுத்தி வச்சிருக்கோம். சீக்கிரம் பதில் சொல்லுங்க.”