வலது கையில்லாத ரோபோ

பள்ளிமுனை,
மன்னார்.
26.08.2007

அன்புத் தங்கச்சி கிறேஸ்,

கனடாவில் உன்னையும் என் மகள் ஜெனிற்றாவையும் ஆண்டவர் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். நான் சுகம். அரிசி கிடைக்கிறது, மண்ணெண்ணெய்க்குத்தான் வரிசை. கடலுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ் கொடுக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், திரும்பவும் கொடுக்கிறார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல்களைத் தட்டச்சு செய்வதுதான் இப்போது கந்தோரில் என் வேலை. பட்டம் எடுத்தது இதற்கா என்று கேட்காதே.

தன் தாயின் அடக்கத்துக்குக் கனடாவிலிருந்து வந்த அம்புறோஸ் அண்ணனிடம் நீங்கள் கொடுத்துவிட்ட பார்சல் கிடைத்தது. மதவாச்சிச் சோதனைச்சாவடியில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார்களாம். "உன்ர மகள் அனுப்பின பொம்மையால அரை மணித்தியாலம் வெயிலில நிண்டனான், பிள்ளை" என்று வாசலிலேயே தொடங்கிவிட்டார். நாற்பத்துநாலு வயது விதவைக்குப் பிறந்தநாள் பரிசாக ஜப்பான் ரோபோ என்று கந்தோரில் ஒரே சிரிப்பு. பெட்டிக்குள் ஜெனிற்றாவின் துண்டுக் கடிதம்: "அம்மா, நானும் சித்தியும் செய்த அதே ரோபோ. நீங்களும் செய்யுங்கோ. எங்கட செய்முறைப் புத்தகத்தையே வைச்சிருக்கிறன். குறிப்பெல்லாம் அதில இருக்கு."

பெட்டியைத் திறந்தால் உள்ளே ரோபோ இல்லை. சட்டம் சட்டமாகப் பிளாஸ்ரிக். ஒவ்வொன்றிலும் நகத்தளவு துண்டுகள் மெல்லிய காம்பில் தொங்குகின்றன. எண்ணிப் பார்த்தேன், இருநூற்று முப்பத்தொன்று. ஒரு சட்டத்தில் துவக்கு இருந்தது. விரல் நீளம்தான், ஆனால் குழலும் விசையும் அச்சொட்டாக. இங்கே கிழமைக்கொருதரம் வீடு சோதிக்க வருகிறார்கள். துவக்கு வடிவில் ஒன்றை வைத்துக்கொண்டு யாருக்கு விளக்கம் சொல்வது? அந்தச் சட்டத்தை முழுதாக முறித்து அடுப்பில் போட்டேன். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு லூர்தம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னடி செலீனா, சைக்கிள் ரயரோ சமைக்கிறாய்?" என்றாள்.

ஆறு நாள் கழித்து இருபத்திரண்டாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது, வலது கையின் விரல்களும் அதே சட்டத்தில்தான் இருந்திருக்கின்றன. முதலில் புத்தகம் முழுவதையும் பார்த்திருக்கவேண்டும். பயத்தில் பார்க்கவில்லை.

நீங்கள் இருவரும் மூன்று கிழமை எடுத்தீர்களாம். நான் எட்டு நாளில் முடித்தேன். கந்தோரால் வந்து, வெளிச்சம் போகுமுன், நகவெட்டியும் அரமும் புருவம் பிடுங்கும் சாமணமும் வைத்துக்கொண்டு. பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். பசையே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று 'டிக்' என்று இறங்கும்போது உடம்புக்கே ஒரு சுகமாக இருந்தது. முழங்காலை மடக்கினால் உள்ளே இரண்டு தண்டுகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. மேலே வெள்ளைக் கவசத்தைப் பூட்டியதும் அவை மறைந்துவிடுகின்றன. யாரும் பார்க்கப்போகாத இடத்துக்கு அந்த ஜப்பான்காரன் ஏன் இவ்வளவு மினக்கெட்டான் என்று தெரியவில்லை. ஆனால் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகம்தான் என்னைக் கொன்றது, கிறேஸ்.

மூன்றாம் பக்க ஓரத்தில், "சித்தி காலைத் தலைகீழாப் பூட்டிப்போட்டா. கொக்கு மாதிரி நிக்குது." ஒன்பதாம் பக்கத்தில், "சித்திக்கு விரல் வெட்டினது. பெரிய அழுகை. பிளாஸ்ரர் ஒட்டிவிட்டன்." அதை வாசித்தபோது எனக்கு இரக்கம் வரவில்லை. என் விரலும் இரண்டு இடத்தில் வெட்டியிருந்தது, பழந்துணிதான் சுற்றினேன். பதினைந்தாம் பக்கத்தில் உன் எழுத்து: "ஜெனி, இடியப்பம் சாப்பிட்டாத்தான் மற்றக் கை." அதற்குக் கீழே அவள்: "சொதியும் வேணும்."

இங்கே சொதி என்றால் கோப்பையைத் தள்ளிவிடுவாள். எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன். அவளைச் சுருக்கிக் கூப்பிடவும் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தகப்பன் கடலோடு போனபின் அவளுக்கு நான் வைத்திருந்தது பயம் மட்டும்தானோ என்னவோ. எங்களுக்கு இப்படிச் சிரிக்கிற நேரம் இருந்ததா என்று யோசித்து யோசித்து அந்தப் பக்கத்திலேயே ஒரு பின்னேரம் போய்விட்டது. முடித்த ரோபோவை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, நீ செய்ததைவிட என்னுடையது நன்றாக இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு கையில்லாத அந்த மணிக்கட்டைப் பார்த்தேன்.

இனி நான் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளவேண்டும். நீ ஜெனிற்றாவைத் தத்தெடுக்க நான் கையெழுத்து வைக்கவேண்டிய பத்திரம் இன்னும் வரவில்லை என்று இரண்டு தடவை சொன்னேன் அல்லவா? ஆனி மாதமே வந்துவிட்டது. என் பைபிளுக்குள் இருக்கிறது. செப்டெம்பர் முடியுமுன் உன் வழக்கறிஞர் கைக்குப் போகாவிட்டால் ஜெனிற்றாவின் விசா முடிந்து அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நீ அழுதபோது, எனக்குள் ஒருத்தி, அனுப்பட்டும், வந்துசேரட்டும் என்றாள். உனக்குப் பிள்ளை இல்லையென்று நீ ஏங்கிய காலத்தில் உனக்காக ஒன்பது நாள் நவநாள் செய்தவள் நான். அந்த மன்றாட்டு இந்த வழியால் கேட்கப்படும் என்று தெரிந்திருந்தால் எட்டாம் நாளோடு நிறுத்தியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை விடிய இங்கே சுற்றிவளைப்பு. வீட்டுக்குள் வந்த இரண்டு நேவிக்காரரில் ஒருவன் அலுமாரிக்கு மேலிருந்த ரோபோவைக் கையில் எடுத்தான். முழங்காலை மடக்கிப் பார்த்தான். பிறகு உடைந்த தமிழில், "இதுக்குத் துவக்கு இருக்குத்தானே, எங்க அது?" என்றான். எரித்துவிட்டேன் என்று அடுப்பைக் காட்டினேன். அவன் மற்றவனிடம் சிங்களத்தில் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். வைக்கும்போது கவனமாகத்தான் வைத்தான்.

பிறகு எல்லோரையும் கோயில் வளவுக்கு வரச்சொன்னார்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு வேறு வரிசை. லூர்தம்மா மகளின் சட்டை நுனியை விடவில்லை. "ஐயா, இவ ஓ.எல். சோதினை எடுக்கிற பிள்ளை, ஐயா, ஒண்டும் தெரியாது" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவன் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரம் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். லூர்தம்மாவின் மகளும் வந்துவிட்டாள். வராதவள் யாரென்று உனக்கு எழுதப்போவதில்லை. கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் திரும்பும்வரை காத்து நின்றபோது லூர்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வருடம் பழகியவள், ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. "உனக்கென்னடி, கையை வீசிக்கொண்டு நிக்கிறாய்" என்றாள். அவள் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்கு உடனே விளங்கியது. மூன்று மாதமாக நான் உன்னை நினைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்த அதே முகம். என் இரண்டு பக்கமும் வெறும் மணல். ஜெனிற்றா போன நாளிலிருந்து முதல்தடவையாக, அது வெறுமையாக இருந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

புதன்கிழமை கந்தோருக்கு லீவு போட்டுவிட்டுச் சமாதான நீதவானிடம் போனேன். பத்திரத்தில் அவர் முன்னிலையில் மூன்று இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது. மூன்றாவது இடத்தில் பேனை நின்றுவிட, மை முடிந்துபோச்சோ, அக்கா என்று அந்த மனிதர் கேட்டுத் தன்னுடையதைத் தந்தார். பத்திரம் இத்துடன் இருக்கிறது. கிடைத்ததும் நாள் கடத்தாமல் கொடு. பிந்தியதற்கு என்னைத் திட்டு, ஆனால் அவளுக்குச் சொல்லாதே.

எரிச்சல் போய்விட்டது என்று நினைக்காதே. சொதி விஷயத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவளுக்குத் தடிமன், இருமல் வந்தால் தைலம் நெஞ்சுக்குத்தான் பூசவேண்டும், முதுகுக்கு அல்ல. கணக்கில் பிழைவிட்டால் சத்தம் போடாதே, அழமாட்டாள், ஆனால் சாப்பிடமாட்டாள். இதெல்லாம் இப்போது உனக்கு என்னைவிடத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் வாசி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்கும்போது நீ ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுகிறாய். நான் சொல்வதற்கு நீயும் சிரிக்கிறாய், நான் கேட்பதற்கு நீயும் பதில் சொல்கிறாய். அன்பினால்தான், தெரியும். இனிமேல் அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் மட்டும் மற்ற அறைக்குப் போய் இரு, தங்கச்சி. போகும்போது கதவைச் சாத்திவிடு.

மாதா இரண்டு பேரையும் காக்கட்டும். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன் அக்கா,
செலீனா